ஆம்பூர் தங்கையின் இன்ஜினியரிங் படிப்புக்கு எந்த உதவித்தொகை, எப்படி வாங்குவது

ஆம்பூரிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கும் கேள்வி இது. முஸ்லிம் குடும்பம், அப்பா ஷூ கம்பெனியில் கூலி வேலை. தங்கை ஆறாம் வகுப்பிலிருந்து அரசு உதவிபெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்து பிளஸ் டூவில் 600க்கு 531 வாங்கியிருக்கிறாள். இசிஇ அல்லது கம்ப்யூட்டர் சயின்ஸ் சேர ஆசை. அண்ணன் பாலிடெக்னிக்கில் டிப்ளமோ முடித்தவர், வீட்டில் வேறு யாரும் கல்லூரிப் பக்கம் போனதில்லை. "சிறுபான்மையினருக்கு ஸ்காலர்ஷிப் இருக்கிறதாமே, அதை எப்படி வாங்குவது? பிரவுசிங் சென்டரில் எல்லாம் சேர்த்து 1,500 ரூபாய் கேட்கிறார்கள், கொடுக்கலாமா?" என்று கேட்கிறார்.

முதலில் அந்த 1,500 ரூபாயைக் கொடுக்காதீர்கள் தம்பி. காரணத்தைப் பின்னால் சொல்கிறேன், அது பணத்தைவிடப் பெரிய காரணம்.

நான் ஒரு இன்ஜினியரிங் கல்லூரியில் பாடம் நடத்துவதோடு பத்து வருடத்துக்கும் மேலாக உதவித்தொகை விண்ணப்பங்களைச் சரிபார்த்து அனுப்பும் பொறுப்பையும் பார்த்து வருகிறேன். இத்தனை வருடத்தில், மதிப்பெண் போதாமல் பணம் கிடைக்காமல் போன பிள்ளைகளை விட, ஒரு எழுத்துப் பிழையாலும் ஒரு பழைய பேங்க் கணக்காலும் பணத்தை இழந்த பிள்ளைகளைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன். அதனால் திட்டங்களைப் பற்றிச் சொல்வதற்குச் சமமாகக் காகிதங்களைப் பற்றியும் சொல்வேன், பொறுமையாகப் படியுங்கள்.

நீங்கள் கேள்விப்பட்ட 'மைனாரிட்டி ஸ்காலர்ஷிப்' மத்திய சிறுபான்மையினர் நல அமைச்சகத்தின் தகுதி மற்றும் வருவாய் அடிப்படையிலான உதவித்தொகை. முஸ்லிம், கிறிஸ்தவர், சீக்கியர், பௌத்தர், பார்சி, 2014இல் சேர்க்கப்பட்ட ஜைனர் ஆகிய ஆறு சமூகத்தாருக்கும் தொழிற்கல்வி, தொழில்நுட்பப் படிப்புகளுக்காகக் கொடுத்தது. குடும்ப வருமானம் ஆண்டுக்கு 2.5 லட்சத்துக்குள், முந்தைய தேர்வில் 50 சதவீதம், கல்விக் கட்டணமாக ஆண்டுக்கு 20,000 வரை, அதோடு ஹாஸ்டல் பிள்ளைகளுக்கு 10,000, வீட்டிலிருந்து போய் வருபவர்களுக்கு 5,000. மொத்த இடத்தில் 30 சதவீதம் பெண்களுக்கு. நல்ல திட்டம், எங்கள் கல்லூரியிலேயே நிறையப் பேர் இதை வைத்துப் படித்து முடித்தார்கள். ஆனால் சில வருடங்களாக இதற்குப் புதிய விண்ணப்பம் வாங்குவது நின்று போயிருக்கிறது. 2023இல் அமைச்சகம் 1,572 கல்வி நிறுவனங்களை ஆய்வு செய்ததில் 830 நிறுவனங்கள் போலி அல்லது செயல்படாதவை என்று தெரிந்து, விவகாரம் சிபிஐக்குப் போனது. இல்லாத பள்ளியின் பெயரில் யாரோ பணத்தைச் சுருட்டிக்கொண்டு போக, தோல் மண்டியில் கூலிக்கு நிற்பவரின் பிள்ளைக்கு விண்ணப்பப் பக்கமே திறக்கவில்லை. இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது. முனைவர் பட்ட ஆய்வாளர்களுக்கான மௌலானா ஆசாத் ஃபெல்லோஷிப்பையும் 2022-23இலிருந்து நிறுத்திவிட்டார்கள். ஆகவே தேசிய உதவித்தொகைத் தளத்தில், அதாவது என்எஸ்பியில், அந்தத் திட்டம் திறந்திருக்கிறதா என்று பாருங்கள். திறந்திருந்தால் போடுங்கள். ஆனால் அதை மட்டுமே நம்பிக் கணக்குப் போடாதீர்கள்.

சரி, உங்கள் தங்கைக்கு உண்மையில் என்ன கிடைக்கும்?

முதலாவது, முதல் பட்டதாரி சலுகை. இதற்கு மதமும் இல்லை, சாதியும் இல்லை, வருமான வரம்பும் இல்லை. தாத்தா பாட்டி, அப்பா அம்மா, கூடப்பிறந்தவர்கள் யாரும் பட்டதாரியாக இருக்கக் கூடாது, அவ்வளவுதான். 'நான் டிப்ளமோ படித்துவிட்டேனே, தங்கைக்குக் கிடைக்காதோ' என்று நீங்கள் பயந்திருக்கலாம். டிப்ளமோ பட்டம் இல்லை, அதனால் பயம் வேண்டாம். தனியார் கல்லூரியில் கவுன்சலிங் வழியாகச் சேர்ந்தால் ஆண்டுக்கு 25,000 ரூபாய் கட்டணத்தில் கழியும், நாலு வருடத்துக்கு ஒரு லட்சம். இதில் ஒரே ஒரு கண்டிப்பு, ஒற்றைச்சாளரக் கலந்தாய்வில் வாங்கிய சீட்டாக இருக்க வேண்டும். மேனேஜ்மென்ட் கோட்டாவில் சேர்ந்தால் ஒரு பைசா கிடையாது. 'கவுன்சலிங் வரை எதுக்குக் காத்திருக்கணும், இப்பவே அட்வான்ஸ் கட்டி சீட்டைப் பிடிச்சிடுங்க' என்று கல்லூரிப் பக்கமிருந்து யாராவது போன் செய்வார்கள், கட்டாயம் செய்வார்கள். 531 மதிப்பெண் வாங்கிய பிள்ளைக்கு அந்த அவசரமே தேவையில்லை.

இன்னொரு தவறான நம்பிக்கை, சிறுபான்மையினர் நடத்தும் கல்லூரியில் சேர்ந்தால்தான் சிறுபான்மையினருக்கான உதவி கிடைக்கும் என்பது. இல்லவே இல்லை. உதவித்தொகை பிள்ளையின் சமூகத்தைப் பார்த்து வருவது, கல்லூரியை யார் நடத்துகிறார்கள் என்று பார்த்து வருவதில்லை. பார்க்கப்போனால் அரசு கவுன்சலிங்குக்குத் தனியார் சுயநிதிக் கல்லூரிகள் 65 சதவீத இடம் கொடுக்க வேண்டும், சிறுபான்மைக் கல்லூரிகள் 50 சதவீதம் கொடுத்தால் போதும். எங்கே பாடம் நன்றாக நடக்கிறது, எந்தத் துறைக்கு என்பிஏ, அதாவது தேசிய அங்கீகார வாரியத்தின் அங்கீகாரம் இருக்கிறது என்று பார்த்துத் தேர்ந்தெடுங்கள்.

இரண்டாவது, புதுமைப்பெண். மாதம் 1,000 ரூபாய். 2022இல் தொடங்கியபோது அரசுப் பள்ளிப் பெண்களுக்கு மட்டும் இருந்தது, 2024-25இலிருந்து அரசு உதவிபெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் உண்டு. உங்கள் தங்கை அதற்குள் வருகிறாள். மற்ற உதவித்தொகை வாங்கினாலும் இதையும் சேர்த்து வாங்கலாம், அது இந்தத் திட்டத்தின் பெரிய நல்ல விஷயம். ஆனால் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு அவளுக்குக் கிடையாது, அது ஆறிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியிலேயே படித்தவர்களுக்கு. அதில் சேருபவர்களுக்குக் கல்விக் கட்டணம், ஹாஸ்டல் கட்டணம், கவுன்சலிங் கட்டணம் எல்லாவற்றையும் அரசே கட்டிவிடுகிறது. அதே தெருவில், அதே மாதிரி வீட்டில் வளர்ந்த பிள்ளை, பள்ளியின் போர்டில் 'உதவிபெறும்' என்று ஒரு சொல் இருப்பதால் வெளியே நிற்கிறாள். இது எனக்கு நியாயமாகப் படவில்லை. இருந்தாலும் இன்றைய விதி அதுதான்.

மூன்றாவது, இதைத்தான் முக்கியமாகச் சொல்ல வந்தேன், ஏஐசிடிஇ, அதாவது அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு கொடுக்கும் பிரகதி உதவித்தொகை. தொழில்நுட்பப் படிப்பில் முதலாம் ஆண்டு சேரும் பெண்களுக்கு ஆண்டுக்கு 50,000 ரூபாய், நாலு வருடமும். குடும்ப வருமானம் 8 லட்சத்துக்குள் இருந்தால் போதும், ஒரு வீட்டில் இரண்டு பெண்கள் வரை வாங்கலாம். இதற்கும் மதம் தேவையில்லை, அதனால்தானோ என்னவோ 'மைனாரிட்டி ஸ்காலர்ஷிப்' என்று தேடுபவர்கள் கண்ணில் இது படுவதே இல்லை. பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்துத் தேர்வு செய்கிறார்கள். இதில் ஓபிசிக்கு, அதாவது மத்திய அரசின் இதர பிற்படுத்தப்பட்டோருக்கு, 27 சதவீதம் ஒதுக்கீடு உண்டு. இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். தமிழ்நாட்டில் பிசிஎம், அதாவது பிற்படுத்தப்பட்ட முஸ்லிம் பட்டியலில் லப்பை, ராவுத்தர், மரைக்காயர், தக்னி, ஷேக், சையத், அன்சார், தூதேகுலா, மாப்பிள்ளை ஆகியோர் வருவார்கள். நம் மாநிலச் சாதிச் சான்று இந்தப் பட்டியலை வைத்து. மத்திய அரசுத் திட்டத்துக்கு மத்தியப் பட்டியலை வைத்துக் கொடுக்கும் ஓபிசி சான்று தனி. ராவுத்தர், மரைக்காயர் உட்பட லப்பைகள் மத்தியப் பட்டியலிலும் இருக்கிறார்கள். உங்கள் சான்றில் என்ன எழுதியிருக்கிறது என்று எடுத்துப் பாருங்கள், லப்பை என்று இருந்தால் ஓபிசி சான்றையும் இப்போதே விண்ணப்பித்து வையுங்கள்.

மத்திய அரசின் கல்லூரி மாணவர் உதவித்தொகை இன்னொன்று இருக்கிறது. பிளஸ் டூவில் 80ஆவது பெர்சென்டைலுக்கு மேல், அதாவது தேர்ச்சி பெற்றவர்களில் முதல் 20 சதவீதத்துக்குள், வருமானம் 4.5 லட்சத்துக்குள், ஆண்டுக்கு 12,000. மத்திய அரசுத் திட்டங்களில் ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் வாங்கலாம் என்பதால் 50,000க்கு வழியிருக்கும்போது இதில் போய் முடங்க வேண்டாம். பிஎஸ்சி இயற்பியல், கணிதம் என்று போகிற பிள்ளைகளுக்கு இன்ஸ்பயர் திட்டத்தில் ஆண்டுக்கு 80,000 உண்டு. அதற்கு போர்டு தேர்வில் முதல் ஒரு சதவீதத்துக்குள் வர வேண்டும், இன்ஜினியரிங்குக்குக் கிடையாது. உங்கள் தங்கைக்குப் பொருந்தாது என்றாலும், அடிப்படை அறிவியல் படித்தால் காசே கிடைக்காது என்று சொல்கிறவர்களுக்காக எழுதுகிறேன்.

மாநில பிற்படுத்தப்பட்டோர், சிறுபான்மையினர் நலத் துறை உதவித்தொகைக்குக் கல்லூரி வழியாகத்தான் போக வேண்டும், வருமான வரம்பு 2.5 லட்சம். சேர்ந்தவுடன் யுஎம்ஐஎஸ் என்று ஒரு எண் கொடுப்பார்கள், மாநிலத் திட்டங்கள் எல்லாம் அந்த எண்ணில்தான் ஓடும், அதைக் கேட்டு வாங்கி எழுதி வையுங்கள். எது எதோடு சேராது என்பது திட்டத்துக்குத் திட்டம் மாறும். அந்தந்த ஆண்டு வழிகாட்டியில் 'வேறு உதவித்தொகை' என்று ஒரு பத்தி இருக்கும், அதை மட்டுமாவது வரி விடாமல் படித்துவிட்டு டிக் போடுங்கள். வாங்குவதை மறைத்து விண்ணப்பித்துப் பின்னால் பணத்தைத் திருப்பிக் கட்டச் சொன்ன கதையெல்லாம் உண்டு.

அப்புறம் காகிதங்கள்.

போன வருடத்துக்கு முந்தைய வருடம் இரண்டாம் ஆண்டு மாணவி ஒருத்தி என் மேசைக்கு வந்தாள், போனை நீட்டிக்கொண்டே. திரையில் 'பணம் செலுத்தப்பட்டது' என்று பச்சை எழுத்தில் இருக்கிறது, பேங்க் பாஸ்புக்கில் 212 ரூபாய் இருக்கிறது. பேங்கில் கேட்டால் வரவில்லை என்கிறார்கள், தளத்தில் பார்த்தால் போய்விட்டது என்கிறது. வீட்டில் அம்மா, இவள் எடுத்துச் செலவழித்துவிட்டுப் பொய் சொல்கிறாளோ என்று சந்தேகப்பட ஆரம்பித்துவிட்டாராம், அதைச் சொல்லும்போதுதான் பிள்ளை அழுதாள். இரண்டு பேரும் உட்கார்ந்து ஆதார் தளத்தில் எந்த பேங்கோடு ஆதார் இணைந்திருக்கிறது என்று பார்த்தோம். ஒன்பதாம் வகுப்பு படிக்கும்போது தபால்காரர் வீட்டுக்கே வந்து கைரேகை வைத்துத் திறந்த கணக்கு ஒன்று. அவளுக்கு அது நினைவிலேயே இல்லை. பணம் பதினோரு மாதமாக அங்கே பத்திரமாகக் கிடந்தது. விண்ணப்பத்தில் நீங்கள் எந்தக் கணக்கு எண்ணை எழுதினாலும், ஆதார் வழியாக வரும் பணம் கடைசியாக எந்தக் கணக்கில் ஆதாரை இணைத்தீர்களோ அங்கேதான் போய் விழும். இரண்டு நிமிட வேலை இது, தங்கையை உட்கார வைத்து இன்றைக்கே பார்த்துவிடுங்கள். வேறு கணக்கு காட்டினால், பயன்படுத்துகிற பேங்குக்குப் போய் ஆதார் இணைப்புப் படிவம் கொடுத்தால் மாறிவிடும்.

அடுத்தது பெயர். நம் முஸ்லிம் பிள்ளைகளுக்கு இது தீராத தலைவலி. பத்தாம் வகுப்புச் சான்றில் முகமது, ஆதாரில் முஹம்மத், ரேஷன் கார்டில் முகம்மது. ஆங்கிலத்தில் எழுதும்போது இன்னும் நாலு விதம். ஒன்றில் இனிஷியல் முன்னால், இன்னொன்றில் அப்பா பெயர் முழுசாகப் பின்னால். மனிதருக்கு எல்லாம் ஒரே ஆள் என்று தெரியும், கம்ப்யூட்டருக்குத் தெரியாது. பொருந்தவில்லை என்று தள்ளிவிடும். திருத்துவதென்றால் ஆதாரைத் திருத்துங்கள், மதிப்பெண் சான்றைத் தொடாதீர்கள். பத்தாம் வகுப்புச் சான்றில் உள்ள பெயர்தான் பிளஸ் டூவுக்கும் டிகிரிக்கும் பாஸ்போர்ட்டுக்கும் பின்தொடரும், அதை மாற்றுவது பெரும்பாடு. ஆதாரிலும் பெயரை ஆயுளுக்கு இரண்டு முறைதான் மாற்றலாம். அதனால் சான்றைக் கையில் பிடித்துக்கொண்டு, எழுத்தெழுத்தாக, இடைவெளி உட்பட அப்படியே போடச் சொல்லுங்கள். ரசீதில் ஒருமுறை சரிபார்க்காமல் கவுண்டரை விட்டு நகராதீர்கள்.

வருமானச் சான்று, சாதிச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று, இருப்பிடச் சான்று எல்லாம் இ-சேவை மையத்தில் ஒவ்வொன்றுக்கும் 60 ரூபாய். முதல் பட்டதாரிச் சான்றுக்கு வீட்டில் உள்ள எல்லோருடைய படிப்பு விவரமும் கேட்பார்கள், உங்கள் டிப்ளமோ சான்றும் பள்ளி டிசியும் தேவைப்படும். விஏஓவும் ஆர்ஐயும் பார்த்த பிறகுதான் மேலே போகும். மே மாதம் ரிசல்ட் வந்த மறுநாள் தாலுகா அலுவலகமே திருவிழாக் கூட்டமாகிவிடும். தங்கைக்கு ரிசல்ட் வந்தாகிவிட்டது, அதனால் இன்னும் ஒரு வாரம் தள்ளினாலும் கவுன்சலிங்குக்குப் பதிவேற்றும் நாள் நெருக்கும். அப்பா கம்பெனிக்கு ஒரு நாள் லீவு போட்டாலும் பரவாயில்லை.

இப்போது அந்த பிரவுசிங் சென்டர். அவர்கள் எல்லோரும் ஏமாற்றுக்காரர்கள் என்று சொல்லவில்லை. ஆனால் வேலை சீக்கிரம் முடிய வேண்டும் என்று தங்கள் மொபைல் எண்ணையும் தங்கள் மின்னஞ்சலையும் போட்டுவிடுவார்கள். அடுத்த வருடம் புதுப்பிக்கப் போனால் ஓடிபி அந்த எண்ணுக்குப் போகும், அந்த ஆள் கடையை மாற்றியிருப்பார் அல்லது எண்ணை மாற்றியிருப்பார். முதல் வருடம் வாங்கிய பிள்ளைகள் இரண்டாம் வருடம் வாங்காமல் போனதற்கு நான் பார்த்த காரணங்களில் இது முதல் மூன்றுக்குள் வரும். என்எஸ்பியில் இப்போது ஒருமுறைப் பதிவு என்று வைத்திருக்கிறார்கள். ஆதாரோடு முகத்தைக் காட்டிப் பதிவு செய்ய வேண்டும், 14 இலக்க எண் ஒன்று கிடைக்கும், படிப்பு முடியும் வரை அதே எண். அதைத் தங்கையின் சொந்த எண்ணிலேயே, உங்கள் வீட்டு போனிலேயே செய்யுங்கள். நீங்கள் டிப்ளமோ படித்தவர், உங்களால் முடியும்.

விண்ணப்பத்தை அனுப்பியதும் வேலை முடிந்துவிட்டது என்று நினைத்து விட்டுவிடாதீர்கள். அது முதலில் கல்லூரிக்கு வரும், என்னைப் போல ஒருவர் சரிபார்த்து அனுப்பினால்தான் மேலே போகும். கல்லூரியில் அந்தப் பொறுப்பாளர் யார் என்று சேர்ந்த முதல் வாரத்திலேயே தெரிந்துகொள்ளச் சொல்லுங்கள். அச்செடுத்த விண்ணப்பத்தைக் கையில் கொடுத்து, வாரம் ஒருமுறை நிலையைப் பார்க்கச் சொல்லுங்கள். 'குறைபாடு' என்று காட்டினால் திருத்தி மறுபடி அனுப்ப ஒரு கடைசித் தேதி இருக்கும், அதைத் தவறவிட்டால் அந்த வருடம் போயிற்று. வந்து கேட்கும் பிள்ளைகளை நாங்கள் தொந்தரவாக நினைப்பதில்லை. கேட்காமல் இருந்துவிட்டுக் கடைசி நாள் மாலை ஐந்து மணிக்கு ஓடி வரும் பிள்ளைக்குத்தான் எங்களால் ஒன்றும் செய்ய முடியாமல் போகிறது.

தனியார் அறக்கட்டளைகளுக்கும் போடலாம், அகரம், ரிலையன்ஸ் ஃபவுண்டேஷன், கோட்டக் கன்யா போல. அங்கே மதிப்பெண்ணோடு தன்னைப் பற்றி எழுதவும் சொல்வார்கள், பேசவும் கூப்பிடுவார்கள். உங்கள் பக்கத்திலிருந்து வந்த ஒரு மாணவி, 'நாட்டுக்குச் சேவை செய்வதே என் லட்சியம்' என்று ஒரு பக்கம் எழுதிக் கொண்டுவந்தாள். அப்பா என்ன செய்கிறார் என்று கேட்டேன். தோல் பதனிடும் இடத்தில் டிரம் ஓட்டுகிறார், ராத்திரி வந்தால் கையில் நீலம் போகாது என்றாள். கிணற்றுத் தண்ணீர் ஏன் உப்பாகிறது என்று பள்ளி ஆய்வகத்திலிருந்து டீச்சரிடம் கேட்டு வாங்கிய சில்வர் நைட்ரேட்டை வைத்துச் சோதித்துப் பார்த்ததை, கேட்ட பிறகுதான் சொன்னாள். அதை எழுதம்மா என்றேன். அரைப் பக்கம்தான் எழுதினாள், தமிழில் எழுதி நானே ஆங்கிலத்துக்கு மாற்ற உதவினேன். கிடைத்தது. உங்கள் தங்கையும் தன் கண்ணால் பார்த்ததை எழுதட்டும், ஷூ கம்பெனிக் குடும்பத்துப் பிள்ளைக்கு எழுத விஷயமா இல்லை.

இவ்வளவும் போக இடைவெளி விழுந்தால் கடன். டாம்கோ, அதாவது தமிழ்நாடு சிறுபான்மையினர் பொருளாதார மேம்பாட்டுக் கழகம் மூலம் சிறுபான்மையினருக்கு 3 சதவீத வட்டியில் கல்விக் கடன் இருக்கிறது, கூட்டுறவு வங்கி வழியாகக் கொடுக்கிறார்கள். சாதாரண பேங்கில் வாங்கினால், வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருந்து, அங்கீகாரம் பெற்ற கல்லூரி அல்லது படிப்பாக இருந்தால், படிக்கும் காலத்துக்கும் அதன் பிறகு ஓராண்டுக்கும் வட்டியை மத்திய அரசு கட்டும். அதை பேங்க் மேனேஜர் தானாகச் சொல்ல மாட்டார், நீங்கள்தான் கேட்டு, வருமானச் சான்றைக் கடன் வாங்கும்போதே கொடுக்க வேண்டும். கந்து வட்டிப் பக்கம் மட்டும் அப்பாவைப் போக விடாதீர்கள்.

எங்காவது முட்டிக்கொண்டால் திருப்பத்தூர் கலெக்டர் ஆபீஸில் மாவட்ட பிற்படுத்தப்பட்டோர் மற்றும் சிறுபான்மையினர் நல அலுவலரைப் பாருங்கள். திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் மனுவாக எழுதிக் கொடுத்து ரசீது எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள், வாய்வார்த்தையாகச் சொல்லிவிட்டு வராதீர்கள். போகும்போது தங்கையையும் கூட்டிக்கொண்டு போங்கள். அடுத்த மூன்று வருடம் புதுப்பிக்கப் போகிறவள் அவள்தான்.